கைராசிக்காரியின் கட்டைவிரல்

கொள்ளிடத்துக்கு வடக்கே, பெண்ணையாற்றுக்குத் தெற்கே, ரேகாவின் கட்டைவிரலுக்குப் பணியாத எலும்பு எந்த உடம்பிலும் கிடையாது. அவள் ஒரு அழுத்து அழுத்தினால் வீராணம் ஏரியின் மதகு தானாகத் திறந்துகொள்ளும். அச்சு முறிந்து நடுரோட்டில் உட்கார்ந்துவிட்ட நெல் லாரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நடக்கும். பிச்சாவரத்தில் மரங்களெல்லாம் வேர் கோணிக்கொண்டு தண்ணீரில் நிற்பதற்கு ஒரே காரணம், அந்தப் பக்கம் போய்வர ரேகாவுக்கு இன்னும் நேரம் கிடைக்காததுதான்.

இதில் பாதியைத் தள்ளிவிடலாம். மீதிப் பாதியைச் சிதம்பரத்தில் நிஜமாகவே நம்புகிறார்கள். ரேகாவுக்கு வந்த வினையே அதுதான்.

ரேகா ஒரு பிசியோதெரபிஸ்ட். கீரப்பாளையத்துக்காரி. அப்பா கொளஞ்சியப்பன் நெல் போட்டவர்; மகள் அண்ணாமலை நகரில் படித்து முடித்தாள். "டாக்டரம்மா" என்று கூப்பிட்டவர்களை ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தாள்.

"டாக்டர் இல்லைங்க, பிசியோ."

"சரிங்க டாக்டரம்மா."

விட்டுவிட்டாள்.

முதலில் ஸ்கூட்டியின் காலடியில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். வலிக்கிற இடத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் மெஷின். அதற்கு இங்கிலீஷில் மூச்சு முட்டுகிற பெயர் ஒன்று உண்டு. ஊரில் "கரண்ட் வைக்கிறது" என்றால் போதும். அப்புறம் மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், வாடகை குறைச்சல் என்று, மாடியில் கிளினிக் திறந்தாள். முட்டிவலிக்காரர்கள் கீழே நின்று படிக்கட்டை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஏறி வர முடிந்தவர்களுக்கு வைத்தியம் தேவைப்படவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க அவளே இறங்கி வந்து, வாசலில் ஸ்டூல் போட்டு முட்டி பார்த்தாள். கீழே இருந்த ஜெராக்ஸ் கடை காலியான பிறகுதான் தொழில் தரைக்கு வந்தது.

கைராசி வந்தது பஸ்ஸில். காட்டுமன்னார்கோயில் ரூட்டில் ஓட்டுகிற டிரைவர் ஒருவருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. தலையைத் திருப்ப முடியாமல் ஒரு பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பார்த்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் பஸ்ஸில் ஏறியவர்கள் டிக்கெட் வாங்குவதற்கு முன்பு சாமி கும்பிட்டார்கள். ரேகா அவர் கழுத்தில் ஒரு இடத்தைக் கட்டைவிரலால் தேடிப் பிடித்து அழுத்தினாள். மறுநாள் அவர் சந்து முனையில் பஸ்ஸை நிறுத்தி, கழுத்தை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக் காட்டி, ஆரன் அடித்துவிட்டுப் போனார். போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனார். லால்பேட்டையில் பாய்மார்களிடம் சொன்னார். "கைராசிக்காரப் பொண்ணு. தொட்டுச்சு, விட்டுச்சு."

சும்மா விட்டிருந்தாலும் அந்தக் கழுத்து தானாகச் சரியாகியிருக்கும் என்பது ரேகாவுக்குத் தெரியும். சொல்லவில்லை. தொழில் ஆரம்பித்தவள் எவளும் சொல்லமாட்டாள்.

அதற்கப்புறம் கூட்டத்துக்குக் குறைவில்லை. கட்டில்கள் கூடின, நடுவில் பச்சைத் திரைகள் வந்தன. ஆனால் வந்தவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பிசியோவில் கையால் செய்வது கொஞ்சம். நோயாளி செய்கிற பயிற்சிதான் ஜாஸ்தி. அதைச் சொன்னால், "அதெல்லாம் வீட்டுல செஞ்சுக்குறோம்மா. நீங்க ஒரு அழுத்து அழுத்தி விடுங்க" என்பார்கள். வீட்டில் ஒருவரும் செய்யவில்லை. கைராசிக்காரியிடம் வந்துவிட்டு, தண்ணி பாட்டிலைத் தூக்கி இறக்க எவன் சம்மதிப்பான்?

இப்படி ஊர் வலியெல்லாம் வருடக்கணக்கில் வந்து இறங்கிய இடம் ரேகாவின் வலது கட்டைவிரல். அதன் அடி மூட்டில் முதலில் காலை நேரத்தில் மட்டும் வலித்தது. பிறகு சாவி திருப்பினால் வலித்தது. பிறகு சோறு பிசைந்தால் வலித்தது. அக்கா சந்திரலேகா வீட்டில் சாப்பிடும்போது ஸ்பூன் கேட்டாள். "டாக்டரம்மா இனிமே கையால திங்க மாட்டாங்களாம்" என்று அக்கா கிண்டலடித்தாள். ரேகாவும் சிரித்து வைத்தாள்.

அது என்ன நோவு என்று புத்தகப் பெயரோடு அவளுக்குத் தெரியும். அழுத்துவதை நிறுத்தாவிட்டால் அந்த விரல் இனி எதற்கும் உதவாது. அதுவும் தெரியும். ஆனால் யாரிடம் சொல்வது? சலூன்காரன் மண்டையே சொட்டையாக இருந்தால் அவன் கடையில் முடி வளரும் எண்ணெயை யார் வாங்குவார்கள்? கைராசிக்காரிக்கே கை வலி என்று வெளியே தெரிந்தால் அன்றோடு திரைகளைக் கழற்றிச் சுருட்டிவிடலாம்.

அதனால்தான் கடலூரில் கிளை திறந்தாள்.

பெண்ணையாறு வரைக்கும் என்று முதலில் அளந்தது சும்மா. டிரைவரின் பஸ் கடலூர்ப் பக்கம் போகவில்லை. கிளை திறந்த மஞ்சக்குப்பத்தில் ரேகாவை யாருக்கும் தெரியாது, அவள் கட்டைவிரலையும் தெரியாது. வருகிறவர்களை முதல் நாளிலிருந்தே பயிற்சிக்கும் மெஷினுக்கும் பழக்கிவிடலாம். சிதம்பரத்துக்கு நல்ல ஆளாக ஒருவனை வைத்துவிட்டால், இரண்டு ஊரிலும் தொழில் நடக்கும், விரலும் பிழைக்கும். இந்தக் கணக்கு அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஊர் வேறு கணக்குப் போட்டது.

"ஒரு கிளினிக்க வச்சுகினு சோறு திங்க முடியாதா உனக்கு? ஆசை ஜாஸ்தியாப் போச்சுடி" என்றாள் சந்திரலேகா.

"ஆமாக்கா, ஆசைதான்" என்றாள் ரேகா, ஸ்பூனைக் கழுவிக்கொண்டே.

சந்திரலேகாவின் மகன் அறிவழகன் பதினொன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். இதை எழுதுகிற ஆளும் அவன்தான். கிளினிக்கில் நோயாளிகளுக்குக் காட்ட வைத்திருந்த பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்குச் சித்தியின் வெள்ளைக் கோட்டை மாட்டி, வரவேற்பு மேஜையில் உட்கார வைத்து, ஒரு ரிட்டயர்டு வாத்தியாரைக் காய்ச்சலில் படுக்க வைத்த நாளிலிருந்து அவனுக்குக் கிளினிக் வாசப்படி மிதிக்கத் தடை. அவனைப் பற்றி இவ்வளவு போதும்.

சிதம்பரத்துக்கு வந்த நல்ல ஆள் ஆரோக்கியராஜ். நீளமான கை, குறைவான பேச்சு. எந்த மூட்டு எவ்வளவு மடங்கும் என்று பார்த்த பார்வையில் சொல்லிவிடுவான். ரேகா ஒரு வாரம் பக்கத்தில் நின்று பார்த்தாள். தன்னைவிடப் பொறுமைசாலி என்று தெரிந்துகொண்டாள். நிம்மதியாகக் கடலூர் பஸ் ஏறினாள். புவனகிரி ரோடு பிரிகிற இடத்துக்குப் போவதற்குள் போன் வந்துவிட்டது.

"மேடம், யாரும் படுக்க மாட்டேங்குறாங்க."

"ஏன்?"

"நீங்க வர்ற வரைக்கும் உக்காந்திருக்குறோம்னு சொல்றாங்க."

பால் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்ற ராமாமிர்தம்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். அவருக்குத் தோள் இறுகிப்போய், சட்டை மாட்டக்கூட சம்சாரத்தைக் கூப்பிட வேண்டியிருந்தது. மறுநாள் அவர் ரேகாவிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

"தம்பி நல்ல தம்பிதாங்க. ஒரு கொறையும் சொல்ல முடியாது. ஆனா கைராசின்னு ஒண்ணு இருக்குதில்ல? நீங்க பஸ்ஸுக்குப் போறப்ப ஒரு தொடு தொட்டுட்டுப் போயிடுங்க. அடுப்ப நீங்க பத்த வையுங்க, அவரு கிண்டட்டும்."

இது ரேகாவுக்கு நல்ல யோசனையாகப் பட்டது. தொடுவதற்கு விரல் வலிக்காது. வலது கையின் பின்பக்கத்தால் தொட்டால்கூடப் போதும். அவள் வாழ்க்கையில் செய்த பெரிய தப்பு அதுதான். சந்து மாடியில் கிளினிக் வைத்ததுகூட அதற்கு அடுத்ததுதான்.

காலையில் ரேகா பையை மாட்டிக்கொண்டு வருவாள். எல்லோரும் பெஞ்சில் வரிசையாக வலிக்கிற இடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தோள், முட்டி, இடுப்பு, தோள், குதிகால் என்று தொட்டுக்கொண்டே போவாள். கோயிலில் அர்ச்சகர் விபூதி கொடுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும். சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். பையோடு வாசலைத் தாண்டி ஓடி, பஸ்ஸைப் பிடித்து, உட்கார்ந்து மூச்சு வாங்கினால் போன்.

"மேடம், யாருமே இல்ல."

"இப்பதானே பெஞ்சு நெறைய இருந்தாங்க?"

"நீங்க தொட்டதும் கெளம்பிட்டாங்க. வந்த வேலை முடிஞ்சுபோச்சாம்."

வரிசை நாளுக்கு நாள் நீண்டது. வலி உள்ளவர்களோடு வலி இல்லாதவர்களும் வந்தார்கள். பரீட்சைக்குப் போகிற பெண் எழுதுகிற கையை நீட்டினாள். ராமாமிர்தம் ஒரு பாட்டில் நல்லெண்ணெய் கொண்டுவந்தார்.

"இது என்னாங்க?"

"இதத் தொட்டுக் குடுத்தீங்கன்னா வீட்டுலயே தடவிக்குவேன். உங்களுக்கும் அலைச்சல் இல்ல பாருங்க."

"எண்ணெயத் தொட்டா தோளு எளகாதுங்க. தம்பிகிட்ட கையக் குடுங்க. செவுத்துல மாட்டியிருக்குற கப்பிக் கயித்தப் புடிச்சு இழுங்க."

"அது சரிதாங்க. நீங்க தொடுங்க."

தொட்டாள். என்ன செய்வது, பஸ் போய்விடும். ஆனால் பாட்டிலை வாங்கிக்கொண்ட அவருடைய கை மார்புக்கு மேலே எழும்பவில்லை. போன மாதம் தாடை வரைக்கும் வந்த கை அது. தான் தொடத் தொட அந்தத் தோள் இறுகிக்கொண்டே போகிறது என்று ரேகாவுக்குத் தெரிந்தது. கடலூர் வரைக்கும் அந்தக் கைதான் கண்ணுக்கு முன்னால் நின்றது.

அவளுக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக் கொள்ளாமல் போனது அப்போதிலிருந்துதான். மஞ்சக்குப்பத்தில் ஒருவருக்கு முட்டியை மடக்கச் சொல்லிக்கொண்டிருப்பாள். மனசு சிதம்பரத்துப் பெஞ்சில் இருக்கும். சிதம்பரத்தில் வரிசையைத் தொட்டுக்கொண்டிருப்பாள். மஞ்சக்குப்பத்தில் பூட்டிய கதவுக்கு முன்னால் யாராவது நிற்பார்கள் என்று கால் பரபரக்கும். இரண்டு இடத்திலும் அரை ஆளாக இருந்தாள். விரல் மட்டும் இரண்டு இடத்திலும் முழுசாக வலித்தது.

ஒரு நாள் ஆரோக்கியராஜ் அவள் பையை மாட்டுவதற்கு முன்பே வந்து நின்றான்.

"மேடம், காலையிலேர்ந்து சாயந்தரம் வரைக்கும் கையக் கழுவிட்டு உக்காந்திருக்குறேன். பாண்டிச்சேரியில ஒரு பெரிய எடத்துல கூப்புடுறாங்க. இந்த மாசத்தோட போறேன்."

"கொஞ்சம் பொறுங்களேன்."

"நான் பொறுக்குறேன் மேடம். அவுங்க தோளு பொறுக்காது."

ரேகா பையை மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் ஏறினாள். இவன் போய்விட்டால் அந்தப் பெஞ்சு மொத்தத்தையும் மறுபடி அவள்தான் அழுத்த வேண்டும். விரல் ஒரு வருடம்கூடத் தாங்காது. கடலூரை மூடிவிடுவதா, சிதம்பரத்தை மூடிவிடுவதா? புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது என்ன தோன்றியதோ, இறங்கிவிட்டாள். திரும்பிச் சிதம்பரம் போவதென்றால் எதிர்ப்பக்கம் போய் நிற்க வேண்டும். கடலூர் போவதென்றால் இந்தப் பக்கம். எந்தப் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. கடலூர் பஸ் ஒன்று போனது. சிதம்பரம் பஸ் ஒன்று போனது. இளநீர்க்காரர் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, "எங்கம்மா போவணும்?" என்று கேட்டார்.

"தெரியலைங்க" என்றாள் ரேகா. அது நிஜம்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. தாமதமாகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகச் சந்துக்குள் வந்த ரேகா, வரிசையைத் தொடுவதற்குக் கையை முன்னாலேயே நீட்டிக்கொண்டு கிளினிக்குள் நுழைந்தாள். வரிசை இல்லை. பெஞ்சில் இருந்தவர்கள் அவளைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முட்டியையும் மூடித்தான் வைத்திருந்தார்கள். உள்ளே கட்டிலில் மாவு மில் மங்கலம் படுத்திருக்க, ஆரோக்கியராஜ் அவள் காலை மடக்கிக்கொண்டிருந்தான். ராமாமிர்தம் சுவர் ஓரமாக உட்கார்ந்து, கப்பிக் கயிற்றைப் பிடித்துப் பல்லைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. கை தாடையைத் தாண்டியிருந்தது.

"நீங்க பஸ்ஸுக்குப் போங்க டாக்டரம்மா. இங்க தம்பி பாத்துக்குவாரு" என்றார்.

"தொட வேணாமா?"

"வேணாங்க. நீங்க கைய அலட்டிக்காதீங்க."

ரேகா சட்டென்று கையைப் பைக்குப் பின்னால் கொண்டுபோனாள். "என் கைக்கு என்னா?"

மங்கலம் தலையைத் தூக்கினாள். அவள் மில்லில் ஒரு சேதி விழுந்தால், அரிசியோடு அரைபட்டு மத்தியானத்துக்குள் எல்லார் வீட்டுக்கும் போய்விடும்.

"மூடி மறைக்கிறதுக்கு இதுல என்னா இருக்குது டாக்டரம்மா? ஒடம்புன்னு இருந்தா நோவாதா? உங்க வலது கட்டவெரலு போயிகினு இருந்துச்சாம். தம்பிதான் தெனம் பாத்துப் பாத்து நிறுத்தி வச்சிருக்காராம். ஊருக்கே கைராசின்னா நீங்க. உங்க கைக்கே ஒருத்தரு கை கேக்குதுன்னா அவரு கை எப்பேர்ப்பட்ட கையி? எங்க முட்டிக்குக் கேக்காதா?"

"யாரு சொன்னது?"

"யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னு சொல்லித்தான் சொல்லிச்சு அந்தப் புள்ள. நானும் யாருகிட்டயும் சொல்லல. மில்லுக்கு வந்தவங்ககிட்டதான் சொன்னேன். உங்க அக்கா மவன்."

ஆரோக்கியராஜ் மங்கலத்தின் காலைப் பிடித்தபடியே நிமிர்ந்து ரேகாவைப் பார்த்தான். அவள் விரலை அவன் ஒரு நாளும் பார்த்ததில்லை. அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால் இல்லை என்று அவன் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் மடக்குங்கம்மா" என்று மட்டும் சொன்னான்.

ரேகா அன்றைக்குப் பஸ் ஏறவில்லை. கடலூருக்குப் போன் செய்து வரச் சொன்னவர்களை மறுநாளுக்கு மாற்றினாள். பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தாள். எழுந்தாள். திரையைச் சரி பண்ணினாள். மறுபடி உட்கார்ந்தாள். அவளை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. தன் கிளினிக் தான் இல்லாமல் நடப்பதை முதல் தடவையாகப் பார்த்தாள். இதற்குத்தானே ஆசைப்பட்டோம் என்று தோன்றியது. பிறகு ஏன் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை என்றும் தோன்றியது.

மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் ஆரோக்கியராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க மேடம்."

"எதுக்கு?"

"ஊரே சொல்லுது, நான் தெனம் பாக்குறேன்னு. பொய்யாக்க வேணாம்."

ரேகா நின்றாள். இத்தனை வருடத்தில் எத்தனை பேரை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறாள்! உட்காருவது இவ்வளவு கஷ்டம் என்று தெரியாமல் போய்விட்டது. உட்கார்ந்தாள். கையைக் கொடுத்தாள். அவன் மூட்டைத் தொட்டதும் முகம் சுளித்தான்.

"இத வச்சுகினா அழுத்துனீங்க? வேற யாராவது இப்படி வந்தா என்னா சொல்லுவீங்க?"

"ஓய்வு குடுக்கச் சொல்லுவேன்."

"அப்புறம்?"

"குடுக்க மாட்டாங்கன்னு தெரியும்."

அவன் சிரித்துவிட்டான். விரலைச் சுற்றிப் பட்டை ஒட்டி, நீட்டவும் மடக்கவும் முடியாதபடி இழுத்துக் கட்டினான். அழுத்தும்போதெல்லாம் அவன் தன் கட்டைவிரலை நீட்டவே இல்லை. மடக்கிய விரல்களின் முட்டியாலேயே அழுத்தினான். ரேகா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டவெரல வைக்க மாட்டீங்களா?"

"எங்க சாரு மொத வாரமே சொல்லிட்டாரு மேடம். கட்டவெரலு உங்க சொத்து, ஊருக்கு எழுதி வைக்காதீங்கன்னு."

எங்கள் வாத்தியார் இதைச் சொல்லவில்லையே என்று சொல்ல வாயெடுத்தாள். ஒருவேளை சொல்லியிருப்பார், இவள்தான் அன்றைக்கு வகுப்பில் வேறு எங்கோ இருந்திருப்பாள். "பாண்டிச்சேரிக்கு என்னா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"நாளைக்கு ராமாமிர்தம் சாரு கை நெத்திக்கு வருதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் ரேகா நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். சந்திரலேகா அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அறிவழகன் தட்டோடு உட்கார்ந்திருந்தான். ரேகா அவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பட்டை கட்டிய கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மங்கலத்துகிட்ட என்னாடா சொன்ன?"

"எந்த மங்கலம்?"

"மாவு மில்லு."

"ஓ, அதுவா." அவன் தோசையைப் பிய்த்தான். "சும்மா கலாட்டா சித்தி. அந்தம்மா வாயி எவ்வளோ தூரம் போவுதுன்னு பாக்கலாம்னு. ஆனா செம ஸ்பீடு. நான் மில்லுலேர்ந்து பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ள அங்க டீக்கடையில என்கிட்டயே சொல்றாங்க."

"இவன வச்சுகினு நான் எங்க போயி முட்டிக்குவேன்" என்றாள் அடுப்படியிலிருந்து சந்திரலேகா.

"அப்ப கலாட்டாதான்" என்றாள் ரேகா.

"சத்தியமா சித்தி. வாயில வந்தத அடிச்சு விட்டேன்."

"வாயில வந்ததுன்னா இடுப்புன்னு வந்திருக்கலாம். ஊருல பாதிப் பேருக்கு இடுப்புதான். முட்டின்னு வந்திருக்கலாம், கழுத்துன்னு வந்திருக்கலாம். வலது கையி, அதுலயும் கட்டவெரலு, எப்படிடா வந்துச்சு?"

அறிவழகன் சட்னியைத் தொட்டான். இன்னொரு தடவை தொட்டான். வாய்க்கு எதுவும் போகவில்லை.

ரேகா குரலை இறக்கினாள், அக்காவுக்குக் கேட்காத அளவுக்கு.

"எத்தினி நாளாடா என் வெரலப் பாத்துகினு இருந்த?"

"அம்மா, இன்னும் ரெண்டு தோச" என்று அடுப்படிப் பக்கம் திரும்பிக் கத்தினான் அவன். தட்டில் ஏற்கனவே வைத்த இரண்டில் ஒரு விள்ளல்கூடக் குறையவில்லை.